நடப்பதற்கு ஒரு சொல்: ஆம்புலாரே எங்கே போனது?

பிப்ரவரி 26, கேள்வி (ஒரு வாசகர்)

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்தில் இத்தாலியனையும் ஸ்பானிஷையும் எட்டிப் பார்க்கிறேன். மூன்றும் லத்தீன் பெற்ற பிள்ளைகள் என்கிறார்கள், ரொட்டி, தண்ணீர், கை என்று எதை எடுத்தாலும் ஜாடை தெரிகிறது. ஆனால் 'நட' என்ற சாதாரணச் சொல் மட்டும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறது. பிரெஞ்சில் மார்ஷே, இத்தாலியனில் கம்மினாரே, ஸ்பானிஷில் அந்தார். லத்தீன் அகராதியைப் பிரித்தால் ஆம்புலாரே. தமிழில் நட, மலையாளத்தில் நட, கன்னடத்தில் நடெ, தெலுங்கிலும் நட. நம் பக்கம் பிசகாமல் இருப்பது அங்கே ஏன் இப்படிச் சிதறியது? ஆம்புலாரே செத்துப்போன சொல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பிப்ரவரி 26, இரவு

சாகவில்லை. பிரெஞ்சு வகுப்பில் தினமும் நீங்களே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போவதற்கான 'அலே' இருக்கிறதே, அது ஆம்புலாரே தேய்ந்து வந்தது. 8-ஆம் நூற்றாண்டில் வட பிரான்சில் ஒரு சொற்பட்டியல் எழுதினார்கள். பைபிளின் பழைய லத்தீன் அதற்குள் மக்களுக்குப் பிடிபடாமல் போயிருந்தது. கடினச் சொல்லுக்கு எதிரே அன்றைக்கு வாயில் புழங்கிய சொல்லைக் குறித்து வைத்தார்கள். ரைஷனாவ் சொற்பட்டியல் என்று பெயர். அதில் 'அலாரே' வந்துவிட்டது. ஆம்புலாரே, அலாரே, அலே.

ஸ்பானிஷ் அந்தார், இத்தாலியன் அந்தாரே, கத்தலான் அனார், எல்லாம் அதே வேர்தான். ருமேனியனில் உம்ப்லா, முகம்கூட மாறவில்லை. கம்மினாரேயும் ஸ்பானிஷ் காமினாரும் பாதையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து.

பிப்ரவரி 27

"நடுவில் இருந்த 'ம்பு' எங்கே? இவ்வளவு எழுத்து விழுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

விழும். 'போய்விட்டான்' என்று யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? போயிட்டான், போய்ட்டான், சென்னையில் பூட்டான். 'வந்துகொண்டிருக்கிறான்' என்பது ஊருக்கு ஊர் என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். வந்துட்டிருக்கான், வந்துண்டிருக்கான், வந்துக்கினுகிறான். 'கொண்டிரு' முழுசாக நிற்பது எழுத்தில்தான். நாள் முழுக்க நாக்கில் உருளும் சொல் கூழாங்கல் மாதிரி தேயும். எப்போதாவது வெளியே வரும் சொல்லுக்கு மூலை முடுக்கெல்லாம் அப்படியே இருக்கும்.

மார்ச் 1

பிரெஞ்சு படிக்கிறவருக்கு ஒரு அனுபவம். நான் புதுச்சேரியில் மாலை வகுப்பில் படித்தேன். பீச் ரோட்டில் நடக்கப் போகிறேன் என்று சொல்ல மார்ஷே போட்டு ஒரு வாக்கியம் எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையில் அடித்துவிட்டு 'ப்ரொம்னே' என்று எழுதினார். காற்று வாங்க நடப்பது அது. மார்ஷே என்றால் கால் வேலை செய்கிறது என்பது மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறேன் என்பதற்கும் மார்ஷே உதவாது, 'கால்நடையாய்ப் போகிறேன்' என்று அலேயைப் பிடிக்க வேண்டும்.

அன்றைக்கு வேண்டாத வேலையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, தமிழும் அப்படித்தானே. 'நடந்து போ', 'நடந்து வா', 'ஓடிப் போ'. போக்குக்கு ஒரு வினை, அதை எப்படிச் செய்கிறோம் என்பது வினையெச்சத்தில். ஆங்கிலம் 'நட' என்ற ஒரே வினையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். லென்னர்ட் தால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இந்த வேறுபாட்டை வைத்தே மொழிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். லத்தீன் பெற்ற ரொமான்ஸ் மொழிகள் நாம் இருக்கும் கூட்டத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனதுதான் என் தப்பு. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் சரியாக வந்திருக்கும்.

ப்ரொம்னேயின் உள்ளே இருப்பது 'மெனே', கூட்டிப் போவது. அதன் வேர் மினாரி, லத்தீனில் மிரட்டுவது. ஹை ஹை என்று மாட்டை மிரட்டி ஓட்டினார்கள், அப்புறம் மிரட்டல் போய் ஓட்டுவது மட்டும் மிஞ்சியது, அப்புறம் கூட்டிப் போவது, கடைசியில் தன்னைத்தானே கூட்டிப் போவது. மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நாங்கள் காலாற நடக்கும் அந்தக் கடற்கரைச் சாலையை 'ப்ரொமனாட்' என்றும் சொல்கிறோம். சொல்லுக்குள் ஒரு மாட்டுக்காரர் கோலோடு நிற்கிறார்.

மார்ச் 1, சற்று நேரம் கழித்து

சாலை என்றதும் ஞாபகம். எங்கள் ஊர்த் தெருப்பெயர்களில் வரும் 'ரூ', பிரெஞ்சில் தெரு, லத்தீன் ரூகாவிலிருந்து வந்தது. ரூகா என்றால் முகச்சுருக்கம். நாம் பஸ்ஸுக்குச் சொல்லும் 'ரூட்டு'ம் லத்தீன்தான், 'வியா ருப்தா', உடைத்துப் போட்ட வழி. காட்டையும் மேட்டையும் உடைத்த பாதை. இதில் நடப்பதற்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 2

முதல் குறிப்பில் திருத்தம். கம்மினாரேயின் வேரை லத்தீன் என்று எழுதிவிட்டேன். பாதையைக் குறிக்கும் 'கம்மினுஸ்' பிற்கால லத்தீனில் இருக்கிறது, ஆனால் அது 'கால்' (Gaul) என்று ரோமர்கள் அழைத்த பழைய பிரான்சின் கெல்ட் மக்களிடம் வாங்கியது. வேல்ஸ் மொழியில் இன்றும் 'கம்' என்றால் ஓர் எட்டு, காலெடுத்து வைக்கும் ஓர் அடி. பிரெஞ்சு ஷெமேன், ஸ்பானிஷ் காமினோ, போர்த்துகீசு காமின்யோ, இத்தாலியன் கம்மினோ, எல்லாம் இந்தப் பாதை. பாதையிலிருந்து வினை வந்தது: காமினார், கம்மினாரே. ரோமர்கள் அந்தக் 'கால்' நாட்டை வென்றார்கள். தோற்றவர்கள் வழிக்கு வைத்திருந்த சொல் வென்றவர்கள் வாயில் ஏறி ஸ்பெயின்வரை போய்விட்டது.

இத்தாலியனில் ஒற்றை விட்டுவிடாதீர்கள். நான் இத்தாலியின் துரின் நகரில் இரண்டு வருஷம் இருந்தேன். மலைப்பாதை எங்கே என்று கேட்கப்போய் 'காமினோ' என்று சொன்னேன், வீட்டுக்கார அம்மா அடுப்பங்கரையைக் காட்டினார். ஒரு 'ம்' இருந்தால் கணப்படுப்பு, இரண்டு இருந்தால் பாதை. பலிக்கும் பல்லிக்கும் உள்ள தூரம். கணப்படுப்பின் வேர் கிரேக்கம், பாதையோடு எந்த உறவும் கிடையாது.

மார்ச் 4

மூன்று நாளாக இதே யோசனை. 'நட' நான்கு மொழிகளிலும் அப்படியே இருக்கிறதே என்று கேட்டவர் போட்ட முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை. அடிக்கடி புழங்கினால் தேயும் என்று எழுதினேன். நாமும் தினம்தானே நடக்கிறோம், 'நட' ஏன் தேயவில்லை?

விடை 'போ'வில் இருக்கிறது என்று தோன்றுகிறது. நம்மிடம் பாரம் சுமப்பது போ. போகிறேன் போறேன் ஆனது, போயிற்று போச்சு ஆனது. 'நட' தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓரமாக இருந்தது.

லத்தீனில் போவதற்கான பழைய சொல் ஈரே. அதன் உருவங்களைப் பாருங்கள்: நீ போகிறாய் 'ஈஸ்', அவன் போகிறான் 'இத்', போ என்று ஏவினால் வெறும் 'ஈ'. ஓர் எழுத்துச் சொல் சந்தை இரைச்சலில் எப்படித் தாங்கும்? அதனால் உடம்புள்ள சொற்களை இழுத்து வந்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். ஒன்று வாதெரே, 'குவோ வாதிஸ்' என்பதில் வருவது. இன்னொன்று ஆம்புலாரேயும் அதன் சொந்தங்களும். இன்றைக்கும் பிரெஞ்சு அலேயைப் பிரித்துப் போட்டால் மூன்று லத்தீன் வினைகள் ஒரே கூரையில் குடியிருக்கின்றன. நான் போகிறேன் 'வே' வாதெரேயிலிருந்து, நாம் போகிறோம் 'அலோன்' ஆம்புலாரேயிலிருந்து, போவேன் 'இரே' ஈரேயிலிருந்து.

இப்போது கூட்டிப் பாருங்கள். பிரான்சில் ஆம்புலாரே போவதற்குப் போய்விட்டது, நடப்பதற்கு ஆள் இல்லை, புதிதாக மார்ஷே வந்தது. இத்தாலியில் அந்தாரே போவதற்குப் போய்விட்டது, கம்மினாரே வந்தது. ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் ஈரேயின் 'இர்' பிழைத்துக்கொண்டது, அதனால் அந்தார் நடையை விடவில்லை. ருமேனியனில் போகும் பாரத்தை வேறொரு சொல் சுமந்தது, உம்ப்லா சேதமில்லாமல் இருக்கிறது. சிதறல் இல்லை இது. பெரிய அண்ணன் வீட்டைவிட்டுப் போனதும் தம்பிகள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டது.

மார்ச் 5

மார்ஷே எங்கிருந்து என்று கேட்டவருக்கு: பிராங்க் மக்களின் ஜெர்மானிய மொழியிலிருந்து. தடம் பதிப்பது என்பது மூலப்பொருள், ஆங்கில 'மார்க்' அதன் உறவு. பழைய பிரெஞ்சில் மிதிப்பது என்ற பொருளில்தான் வந்தது, வெறும் நடை பின்னால் ஏறியது. மிதி இன்னும் போகவில்லை. பாரிஸ் மெட்ரோவில் யாராவது உங்கள் காலை மிதித்தால், 'என் கால்மேல் மார்ஷே பண்ணுகிறீர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் பள்ளிக்கூட விளையாட்டு விழா 'மார்ச் பாஸ்ட்' இருக்கிறதே, அதில் மார்ச் இந்தப் பிராங்க் தடம், பாஸ்ட் லத்தீன் 'பாஸ்ஸுஸ்' வழி வந்தது. பாஸ்ஸுஸ் என்றால் எட்டு, ரோமர் கணக்கில் வலது இடது சேர்ந்த இரட்டை எட்டு, கிட்டத்தட்ட 1.48 மீட்டர். ஆயிரம் பாஸ்ஸுஸ் ஒரு மைல். மைல் என்றாலே ஆயிரம்தான்.

மார்ச் 7

மறுபடியும் முதல் குறிப்புக்குத் திருத்தம், இது பெரிசு. அந்தார், அந்தாரே, அனார் எல்லாம் 'அதே வேர்தான்' என்று அடித்துச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்பானிஷ் அரச கழக அகராதி ஆம்புலாரே என்றுதான் போடுகிறது. ஆனால் எதிர்க்கட்சி வலுவானது. ஆம்புலாரேயின் 'ம்புல்' எப்படி 'ந்த்' ஆகும் என்று கேட்கிறார்கள். அதே ஸ்பானிஷில் குதிரை நடைக்கு 'அம்ப்லார்' என்று ஒரு சொல் உருக்குலையாமல் இருக்கிறதே என்றும் கேட்கிறார்கள். அவர்கள் காட்டுவது 'அம்பிதாரே'. அம்பீரே, சுற்றி வருவது, அதை மீண்டும் மீண்டும் செய்வது அம்பிதாரே. அதில் ஒலிக்கணக்கு சுலபமாக ஒத்துவருகிறது.

நான் நேற்றுவரை ஆம்புலாரே பக்கம். இன்று அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை, காரணம் என் மார்ச் 4 குறிப்பேதான். போகும் பாரத்தைச் சுமந்த சொல்தான் தேயும் என்றால், ஸ்பானிஷ் அந்தார் அந்தப் பாரத்தைச் சுமக்கவே இல்லையே, அது ஏன் இவ்வளவு தேய வேண்டும்? அம்பிதாரே என்று வைத்தால் அது தேய்ந்த சொல்லே இல்லை, இயல்பாக வந்தது. என் கணக்கே என்னை எதிர்க்கட்சிக்குத் தள்ளுகிறது. அலேக்கும் உம்ப்லாவுக்கும் சொன்னது நிற்கிறது, அந்தாரை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

அம்பீரே குடும்பத்தில் இன்னொரு பிள்ளை 'அம்பிஸியோ'. ரோமில் தேர்தலுக்கு நிற்பவர் வீதி வீதியாகச் சுற்றி வாக்குக் கேட்பது. அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் பேராசைக்கும் லட்சியத்துக்கும் சேர்த்துச் சொல்லும் 'ஆம்பிஷன்' வந்தது. 'அம்பிதுஸ்' என்றால் சுற்றிவருகிற சாக்கில் வாக்குக்குக் காசு கொடுப்பது, ரோமச் சட்டத்தில் குற்றம்.

மார்ச் 8

பிரெஞ்சில் 'இல்லை' என்பதற்கு 'ந... பா'. அந்தப் 'பா' பாஸ்ஸுஸ்தான். 'ஓர் எட்டுகூடப் போகமாட்டேன்' என்று அழுத்திச் சொல்லத் தொடங்கியது, நடைக்கும் போக்கிற்கும் உரிய வினைகளோடு. குடிப்பதோடு 'ஒரு சொட்டுகூட', உண்பதோடு 'ஒரு துணுக்குகூட' என்றும் இருந்தன. நம்முடைய 'பொட்டுத் தண்ணி இல்ல' மாதிரி. மற்றவை ஒதுங்கிவிட, எட்டு மட்டும் எல்லா வினைக்கும் பரவிற்று. இப்போது பேச்சில் முன்னால் இருக்கும் 'ந' விழுந்துவிடுகிறது. உண்மையில் இல்லை என்று சொன்னது அந்த 'ந'தான், துணைக்கு வந்த எட்டு இன்று தனியாக நின்று இல்லை என்கிறது.

மார்ச் 11

கத்தலான் படித்தவர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார், அதை இங்கே வைத்தே ஆக வேண்டும். பிரெஞ்சில் 'வே'க்குப் பின்னால் 'பாடு' என்ற வினையைப் போட்டால் பாடப் போகிறேன், எதிர்காலம். பக்கத்து மொழி கத்தலானில் அதே வாதெரேயிலிருந்து வந்த 'வாச்'சுக்குப் பின்னால் அதைப் போட்டால் பாடினேன், இறந்தகாலம். ஒரே வினை, பிரனீஸ் மலைக்கு இந்தப் பக்கம் நாளை, அந்தப் பக்கம் நேற்று.

முதலில் நம்ப முடியவில்லை. அப்புறம் தமிழை நினைத்துப் பார்த்தேன். 'பாடப் போறேன்' நாளை. 'உடைஞ்சு போச்சு' நேற்று. இரண்டையும் ஒரே போவில் வைத்துக்கொண்டு நாம் ஒருநாளும் குழம்பியதில்லை. எச்சம் வழி சொல்லிவிடுகிறது: 'பாட' என்றால் முன்னால் இருக்கிறது, 'உடைஞ்சு' என்றால் முடிந்துவிட்டது.

கேட்டவரின் 'செத்துப்போன சொல்'லிலும் ஒரு போ இருக்கிறது, கவனித்தீர்களா?

மார்ச் 12

ருமேனியனில் போகும் பாரத்தைச் சுமந்த சொல் எது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 'மெர்ஜே'. லத்தீன் மெர்கெரே, மூழ்குவது. மூழ்கினால் கண்ணுக்கு மறையும், மறைந்தவன் போய்விட்டவன், அப்படியே போவது ஆகிவிட்டது.

துரினில் என்னோடு அறையில் இருந்தவள் ருமேனியப் பெண். துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று எங்களுக்கு இருந்தது, பாதியில் நின்றுவிடும். அவள் ஒரு தட்டுத் தட்டி, 'மெர்ஜே' என்பாள். நான் 'ஓடுது' என்பேன். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு 'மெர்ஜே ஷி அஷா', இப்படியும் போகும். எங்கள் அம்மா சொல்லும் 'இப்படியே ஓட்டிக்கலாம்' அதேதான்.

பிரெஞ்சில் இயந்திரம் மார்ஷே பண்ணும், நடக்கும். தமிழில் கடிகாரமும் மோட்டாரும் ஓடும், கடையும் பள்ளிக்கூடமும் கல்யாணமும் நடக்கும். 'என்ன நடக்குது' என்பதை ஸ்பானிஷ்காரர் 'கே பாஸா' என்பார், பாஸ்ஸுஸ் மறுபடியும். நிகழ்வதை எட்டு வைப்பதாகப் பார்க்க இரண்டு பேருக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

மார்ச் 15

துரினில் ஒரு கட்டடத்தில் 'அம்புலதோரியோ' என்று பலகை பார்த்தேன். ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் என்று நினைத்து மூன்று மாதம் தாண்டிப் போனேன். காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது, அது வெளிநோயாளிகள் பார்க்கும் இடம். நடந்து வந்து நடந்து போகக் கூடியவர்களுக்கு.

நம்முடைய ஆம்புலன்ஸ் இதற்கு நேர் எதிர், நடக்க முடியாதவருக்கு. பிரெஞ்சுப் படைகளோடு இடம் மாறிக்கொண்டே போன மருத்துவமனையை 'நடமாடும் மருத்துவமனை' என்றார்கள். நடந்தது மருத்துவமனை, நோயாளி இல்லை. 1790-களில் நெப்போலியன் காலத்து அறுவை மருத்துவர் தோமினிக் லாரே குதிரை வண்டியில் காயம்பட்டவரைத் தூக்கிவர ஏற்பாடு செய்து, அதற்குப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயரிட்டார். பறக்கும் நடை.

மார்ச் 16

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். ப்ளௌதுஸ் கி.மு. 184-இல் இறந்த ரோம நாடகக்காரர். அவருடைய கைதிகள் நாடகத்தில் ஒருவர் விடைபெறும்போது 'பேனே ஆம்புலா எத் ரெதாம்புலா' என்று வருகிறது. நல்லபடியா நட, திரும்ப நட. பள்ளிக்கூட மொழிபெயர்ப்பில் இதைப் பிரியாவிடை என்று போட்டு முடித்துவிடுவார்கள். தமிழில் அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்: நல்லபடியா போய்ட்டு வா.

போறேன் என்று சொல்லாதே, போய்ட்டு வரேன்னு சொல்லு என்று அதட்டி வளர்த்தார்கள் எங்களை. துரினுக்குக் கிளம்பின அன்றும் அம்மா வாசலில் நின்று சொல்லவைத்தார்.

மார்ச் 20

அறைத்தோழிக்கு எழுதிக் கேட்டேன்: உம்ப்லா இன்றைக்கும் வீட்டில் வருகிறதா, இல்லை புத்தகத்தில் மட்டுமா? இன்று காலை பதில் வந்தது. அவளுக்கு இப்போது நான்கு வயதில் ஒரு மகன். குளிரில் செருப்பில்லாமல் தரையில் திரிகிறான். ஒரு நாளைக்கு இருபது தடவை கத்துகிறாளாம்: 'நு உம்ப்லா தெஸ்கூல்ட்ஸ்!' வெறுங்காலோடு நடக்காதே.